சைக்கிள் யாத்திரையும் அதனை எழுதுவோன் கடனும்

பிரயாணம் செய்வோர் பலர். செய்த பிரயாணத்தை எழுதுவோர் சிலர். நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே எழுதுவோர் மிகச் சிலர். இம்மூன்றாம் வகையாரின் தொகை நம் கலாசாலையிற் பெருக வேண்டும் என்பதே இவ்வியாசத்தின் நோக்கமாகும். சைக்கிளேறி நெடுந்தூரம் செல்லும் வழக்கம் நம் மாணவரிடையேயும் மாணவியரிடையேயும் மீண்டும் தளிர்த்து வருதல் கண்டு மகிழ்கின்றேன். சேர்வராயன் மலைமீது ஏற்காட்டிற்குச் சென்று மீள்வது அவர்களுக்கு ஒரு பரீட்சை போலவே ஆகிவிட்டது. சென்று மீண்டோர் எழுதும் கட்டுரைகளும் இச்சஞ்சிகையில் வெளிவருகின்றன. அவற்றை ஆண்டுதோறும் விருப்புடன் படித்து வரும் பழைய மாணவன் என்னும் உரிமைபற்றி ஈண்டுச் சில சொல்லத் துணிகின்றேன்.

அக்கட்டுரைகளிற் பெரும்பாலன ஒரே அச்சில் வார்த்தன போன்றவை. வைகறை ஐந்து மணிக்குப் புறப்பட்டமை, இருபது கொண்டையூசி வளைவுகளையும் எண்ணிக் கடந்தமை, ஏரிக்கரையில் நின்று புகைப்படம் எடுத்தமை, இறங்கும்பொழுது காற்றெனப் பறந்தமை ஆகிய இவையே அவற்றின் உள்ளடக்கம். எத்தனை மணி, எத்தனை நிமிடம் என்னும் கணக்கு மட்டும் கட்டுரைக்குக் கட்டுரை வேறுபடும். அக்கணக்கையும் இந்நாளில் கைப்பேசியே குறித்துத் தந்துவிடுகின்றது. இவற்றைப் படிப்பவர், ஏற்காட்டிற்குச் சைக்கிளில் சென்றவர் எத்துணை வல்லவர் என்பதை அறிவரேயன்றி, ஏற்காட்டிற்குச் சைக்கிளில் செல்வது எத்தகையது என்பதை அறியார். இது பெருங்குறை என்பது என் கருத்து. ஏனெனில், பிரயாணக் கட்டுரை என்பது சென்றவனுக்குச் சூட்டும் மாலையன்று; பின்னே வருபவனுக்குச் செலுத்தும் கடனாகும்.

அவ்வழியின் தன்மையைச் சிறிது நோக்குவோம். சேலம் நகர் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. இடைத்தொலைவு சுமார் 30 கிலோமீட்டர். அடிவாரம் வரையில் நிலம் மெல்ல மெல்லவே உயர்தலால், ஏற்றத்தின் பெரும்பகுதி அதன் பின்னுள்ள மலைப்பாதையிலேயே அடங்கிவிடுகின்றது. மோட்டாரிற் செல்வோனுக்கு இது கியர் மாற்றும் காரியமேயாம். சைக்கிளிற் செல்வோனோ அவ்வுயரத்தின் ஒவ்வொரு மீட்டரையும் தன் முழங்காலால் அளந்தறிகின்றான். சேலத்தின் அருகே வெள்ளைக்கல் வெட்டியெடுக்கப்பட்ட கரடுகள் வெயிலில் வெளுத்துத் தோன்றுவதை அவன் நின்று காண்கின்றான். கீழே வறண்ட முட்புதரும் மூங்கிலுமாயிருந்த சரிவு, மேலே செல்லச் செல்லச் சவுக்கைப்போல் நெடிதுயர்ந்த சில்வர் ஓக் மரங்களும், அவற்றிற் படர்ந்த மிளகுக் கொடியும், நிழலிற் செறிந்த காப்பிச் செடியுமாக மாறுவதை அவன் கண் மட்டுமன்றி மூக்கும் தோலும் உணர்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேலம் கலெக்டராயிருந்த எம். டி. காக்பர்ன் என்பார் காலத்தில் இம்மலையில் ஊன்றிய காப்பிப் பயிரே இன்று இவ்வூரின் முகத்தை வகுத்துள்ளது என்பதை, அத்தோட்டங்களின் ஓரமாய் மூச்சு வாங்க நடந்து செல்பவன் உணர்வதுபோல் வேறெவரும் உணரார்.

மேலும், காப்பிக்கு முன்னரே இம்மலைக்குரியோராய் வாழ்ந்து வருபவர் மலையாளி என்னும் பழங்குடி மக்கள். இப்பெயரைக் கொண்டு அவரைக் கேரள நாட்டினர் என மயங்குதல் கூடாது. மலையை ஆள்வோர் என்பதே அதன் பொருளெனக் கொள்வர். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறினர் என்பது அவர்கள் வழிவழியாகக் கூறிவரும் வரலாறு. ஆண்டுதோறும் மே மாதத்தில் சேர்வராயன் உச்சியிலுள்ள கோயிலில் அவர்கள் திருவிழாக் கொண்டாடுகின்றனர். மோட்டாரில் விரைவோனுக்கு ஊர்ப்பெயர்ப் பலகைகள் மட்டுமே தோன்றும். நடந்து செல்வோனுக்கு ஒரு நாளில் ஓரிரண்டு ஊர்களே கிட்டும். சைக்கிளிற் செல்வோனோ பல ஊர்களைக் கடக்கவும் வல்லன். நினைத்த இடத்தில் ஒரு காலைத் தரையில் ஊன்றி, எதிர்ப்படுவோரிடம் தண்ணீர் கேட்கவும் வல்லன். தண்ணீர் கேட்பவனிடம் மக்கள் பேசுவர். இப்பேச்சே அவன் பிரயாணத்தின் சாரம். அது நம் கட்டுரைகளில் ஏறாமற் போவதுதான் வியப்பு.

பிறரைக் குறை கூறுவதற்கு முன் என் குறையைக் கூறுதல் முறையாகும். ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன், யான் இக்கலாசாலையில் பௌதிகம் பயின்ற காலத்தில், நண்பர் மூவராக வாடகைக் கடையிற் சைக்கிள் எடுத்துக்கொண்டு ஏற்காட்டிற்குப் புறப்பட்டோம். அவை கியர் இல்லாத கனத்த வண்டிகள். எட்டாம் வளைவு வரையில் மிதித்தோம்; அதன் பின் தள்ளினோம். உண்மை கூறின், மிதித்ததினும் தள்ளியதே மிகுதி. விறகுச் சுமையுடன் வந்த முதியவர் ஒருவர் எங்கள் நிலை கண்டு தம் சுமையை இறக்கிவைத்து, பாறையடியில் ஊற்று இருக்குமிடத்தைக் காட்டினார். அந்நீரைக் குடித்திராவிடில் நாங்கள் அன்று மேலே சென்றிருக்கமாட்டோம். பிற்பகலில் இறங்கத் தொடங்கியபொழுது, இரண்டு மூன்று வளைவுகளுக்குள்ளாகவே நண்பர் ஒருவருடைய வண்டியில் பிரேக் கட்டை முற்றும் தேய்ந்து இரும்பு இரும்போடு உரசலாயிற்று. மரம் ஏற்றி வந்த லாரி டிரைவர் ஒருவர் நிறுத்தி, “தம்பி, இந்த வண்டியை நம்பி இறங்காதீங்க, மேலே தூக்கிப் போடுங்க” என்று அதட்டி, எங்களையும் வண்டிகளையும் ஏற்றி அடிவாரத்தில் இறக்கிவிட்டார். கூலி கொடுக்க முயன்றோம், அவர் வாங்கவில்லை.

இதனை யான் அவ்வாண்டு இச்சஞ்சிகையில் எவ்வாறு எழுதினேன்? மூவரும் ஓரிடத்தும் இறங்காது இருபது வளைவுகளையும் வென்றதாக எழுதினேன். இறங்கியது நாற்பது நிமிடம் என்றும், அது பருந்தின் இறக்கம் போன்றிருந்தது என்றும் எழுதினேன். முதியவரும் ஊற்றும் லாரியும் என் கட்டுரையில் இடம்பெறவில்லை. உவமை நன்றாயிருக்கின்றதெனப் பலர் பாராட்டினர்.

மறு ஆண்டு, முதல் வகுப்பு மாணவர் ஒருவர் அக்கட்டுரையைப் படித்துவிட்டு, அதே வகை வாடகை வண்டியில் தனியே சென்றார். இறங்குகையில் வளைவொன்றில் கைப்பிடிச் சுவரில் மோதி, தோள் எலும்பு முறிந்தது. இரு மாதம் கட்டுடன் கிடந்தமையால் அவ்வாண்டுப் பரீட்சையும் தவறிற்று. பின்னர் அவர் என்னைக் காண வந்தார். வைய வந்தாரென்று அஞ்சினேன். அவரோ, “அண்ணா, நீங்கள் நாற்பது நிமிடத்தில் இறங்கியதாக எழுதியிருந்தீர்களே, எந்த இடத்திற் பிரேக் பிடித்தீர்கள்? நான் எங்கே தவறு செய்தேன் என்று தெரியவில்லை” என்று மிகப் பணிவாய்க் கேட்டார். தவறு தம்முடையதென்றே அவர் எண்ணியிருந்தார். உண்மையைச் சொல்லும் துணிவு எனக்கு அன்று பிறக்கவில்லை. ஏதோ இரண்டு சொற் கூறி அனுப்பிவிட்டேன்.

பௌதிகம் பயின்ற எனக்கு அவ்விறக்கத்தின் இயல்பு தெரியாததன்று. ஆளும் வண்டியுமாக 85 கிலோ எடையை 1,200 மீட்டர் உயர்த்துதற்கு ஏறக்குறைய 10 லட்சம் ஜூல் ஆற்றல் வேண்டும். ஏறும்பொழுது உடல் உழைத்துச் சேர்த்த அவ்வாற்றல் முழுவதும் இறங்கும்பொழுது எங்கேனும் போய்த் தீரவேண்டும். ஒரு பகுதியைக் காற்று ஏற்றுக்கொள்ளும். எஞ்சியதெல்லாம் பிரேக் கட்டையிலும் ரிம்மிலும் வெப்பமாக மாறும். இடைவிடாது பிரேக் பிடித்துச் சென்றால் ரிம் கொதித்து டியூப் வெடித்தலும் உண்டு. மழையில் நனைந்த ரிம்மில் கட்டை பற்றாது வழுக்குதலும் உண்டு. ஆதலின் வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்து, இரு பிரேக்குகளையும் விட்டுவிட்டுப் பிடித்து, இடையிடையே நின்று ரிம்மை ஆறவிட்டுச் செல்லவேண்டும். இவ்வளவே. இந்நான்கு வரிகளை நான் எழுதியிருப்பின், பருந்து உவமை இல்லாதிருந்தாலும் ஓர் இளைஞருக்கு ஓராண்டு மிஞ்சியிருக்கும்.

நிற்க. வழியை எழுதுதல் தமிழர்க்குப் புதியதன்று. பத்துப்பாட்டில் ஆற்றுப்படை என்னும் இனமே அதற்கென எழுந்ததாகும். பரிசு பெற்று மீளும் கலைஞன் எதிர்வரும் கலைஞனுக்கு வழி கூறுவதே அதன் அமைப்பு. அவற்றுள் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் 583 அடிகளால் ஆகியது. நம் சேர்வராயனுக்கு வடக்கே, செங்கண்மாவிலிருந்து ஆண்ட நன்னனிடத்துக் கூத்தரை ஆற்றுப்படுத்துவது. அதிற் கூறுவோன் தன் வீரத்தை விரிக்கவில்லை. காட்டுப்பன்றிக்கு வைத்த பொறி எங்கிருக்கும், தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல்லுக்கு எவ்வாறு ஒதுங்குவது, வழுக்குப் பாறையில் எதனைப் பற்றி நடப்பது, எவ்வூரார் என்ன உணவளிப்பர் என்பவற்றையே எடுத்துரைக்கின்றான். மலைவழியை எழுதுதற்கு இதனினும் சிறந்த முன்மாதிரி எம்மொழியில் உண்டு?

சைக்கிள் யாத்திரிகரிடையும் இப்பண்பு உடையோரே நிலைத்த புகழ் எய்தினர். பம்பாய்ப் பார்சி இளைஞர் அறுவர் 1923ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் உலகைச் சுற்றிவரப் புறப்பட்டனர். அவர்களுள் ஆதி ஹக்கீம், ஜால் பாப்பசோலா, ருஸ்தம் பூம்காரா ஆகிய மூவர் பாரசீகம், ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான், சீனம் முதலிய நாடுகளினூடே ஏறத்தாழ 71,000 கிலோமீட்டர் கடந்து 1928ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மீண்டனர். அவர்கள் எழுதிய நூல் ஜவாஹர்லால் நேருவின் முன்னுரையுடன் 1931இல் வெளிவந்தது. வங்காளத்தவராகிய ராம்நாத் பிஸ்வாஸ் 1931இல் சிங்கப்பூரிலிருந்து சைக்கிளிற் புறப்பட்டுப் பல நாடுகளைக் கண்டு, தம் தாய்மொழியில் முப்பதுக்கு மேற்பட்ட நூல்களை எழுதினார். அயர்லாந்துப் பெண்மணியாகிய டெர்வ்லா மர்பி 1963இல் சைக்கிளில் இந்தியாவை நோக்கி வந்து, 1965இல் தம் நூலை வெளியிட்டார். ஆப்கானிஸ்தானத்தில் தாம் பஸ்ஸில் ஏறிச் சென்றதையும், அங்கு எழுந்த கைகலப்பில் துப்பாக்கிக் கட்டை பட்டுத் தம் விலா எலும்பு முறிந்ததையும் அவர் மறைக்கவில்லை. சைக்கிள் யாத்திரை என்று பெயரிட்ட நூலில் பஸ் ஏறியதை எழுதலாமா என அவர் அஞ்சவில்லை. அதனாலேயே அவர் கூறும் ஏனையவற்றையும் நாம் நம்புகின்றோம். யானோ லாரியை மறைத்தேன். ஆகவே என் கட்டுரையில் எஞ்சிய உண்மையும் உண்மையாகாது போயிற்று.

ஏற்காட்டிலேயே இதற்கொரு சான்று உண்டு. இந்தியத் தொல்பழங்கால ஆராய்ச்சியின் தந்தையெனப் போற்றப்பெறும் ராபர்ட் புரூஸ் ஃபூட் தம் ஓய்வுக் காலத்தை அம்மலையிற் கழித்தார். 1912இல் காலஞ்சென்ற அவருடைய அஸ்தி அங்குள்ள திருச்சபைக் கல்லறையில் வைக்கப்பட்டுள்ளது. அவர் சைக்கிள் யாத்திரிகர் அல்லர். நிலவியல் இலாகா ஊழியராய் ஊரூராய்த் திரிந்தவர். 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள் பல்லாவரத்தில் அவர் கண்டெடுத்த கற்கருவி இந்நாட்டின் பழங்கற்கால வரலாற்றையே தொடங்கிவைத்தது. அவ்வாண்டே அத்திரம்பாக்கத்திலும் கருவிகள் கண்டு, இடத்தையும் மண்ணடுக்கையும் செவ்வனே குறித்துவைத்தார். ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர், 1999 முதல் சாந்தி பப்பு முதலிய ஆராய்ச்சியாளர் அவ்விடத்தை அகழ்ந்து, அங்குள்ள கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் பழமையுடையன என 2011இல் வெளியிட்டனர். முன்னே சென்றவன் உள்ளதை உள்ளவாறே குறித்துவைத்தால் பின்னே வருபவன் எத்துணைத் தூரம் செல்ல இயலும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இனி, என் கருத்திற்கு மறுப்புக் கூறுவோரும் உளர். ‘நாங்கள் மகிழ்ச்சிக்காகச் செல்கின்றோம், கணக்கெழுதவா செல்கின்றோம்?’ என்பர் சிலர். மகிழ்க, ஆனால், மகிழ்ச்சியை எழுதப் புகுந்தபின் அம்மகிழ்ச்சிக்கு விலை கொடுத்தவற்றையும் எழுதுக என்பதே என் வேண்டுகோள். ‘வழி முழுவதும் கைப்பேசிப் படத்தில் இருக்கின்றதே’ என்பர் வேறு சிலர். வழி இருக்கின்றது; ஏற்றத்தின் அளவும் இருக்கின்றது. மழைக்குப் பின் எவ்வளவில் மண் சரிந்து பாதையிற் பரவும், மூடுபனி எவ்வேளையில் இறங்கும், பள்ளிப் பிள்ளைகள் எந்த நேரத்தில் எந்த வளைவைக் கடந்து செல்வர், முதல் தேநீர்க் கடை எங்கே திறந்திருக்கும் என்பனவற்றைக் கண்டவர் வாயாலேயே கேட்டறிதல் வேண்டும்.

‘நாங்கள் எழுத்தாளரல்லோமே’ என்பர் மூன்றாமவர். இவர்கட்கு விடை நம் நாட்டிலேயே உள்ளது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடைபெற்றபொழுது, எழுதப் படிக்கக் கற்ற கிராமப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் விடவும் கற்றனர். எழுத்தும் சக்கரமும் ஒருசேர அவர்கள் கைக்கு வந்தன. வயல் வேலைக்கிடையே அவர்கள் கற்றதைப் பட்டம் பெறப் படிக்கும் நாம் இயலாதென்பது அழகன்று. மேலும், ‘உலகம் சுற்றும் தமிழன்’ எழுதிய ஏ. கே. செட்டியார் பிறருடைய பழைய பிரயாணக் கட்டுரைகளைத் தேடித் திரட்டி, ‘தமிழ்நாடு’ என்னும் தொகுப்பாக 1968இல் வெளியிட்டார். அன்று சிறியனவாய்த் தோன்றிய கட்டுரைகளே இன்று நம் நாட்டு வாழ்வை அறியும் சாசனங்களாய் விளங்குகின்றன. நம் சஞ்சிகையின் ஒரு பக்கமும் நாளை அவ்வாறு ஆகலாம். பொய்யாயிருப்பின் அதுவும் நிலைத்துவிடும் என்பதை மறத்தல் கூடாது.

ஆகவே, ஏற்காட்டிற்கோ வேறெங்கோ சைக்கிளிற் செல்லும் இளைஞர்க்கு யான் கூறுவது இதுவே. அன்றன்று இரவே குறிப்பெழுதுக. மறுவாரம் எழுதுவது நினைவன்று, கற்பனை. சென்ற மாதத்தையும் வானிலையையும் குறிப்பிடுக. ஏறி மிதித்த இடத்தோடு இறங்கித் தள்ளிய இடத்தையும் எழுதுக. தள்ளுதல் இழிவன்று, தள்ளியதை மறைத்தலே இழிவு. வண்டி எவ்வகையது, எது பழுதாயிற்று, எங்கே செப்பனிட்டீர் என்பதைக் கூறுக. தண்ணீர் தந்தவரையும் வழி காட்டியவரையும் மறவாது எழுதுக. மலைமக்களைக் காட்சிப் பொருளாக்காது, அவர்கள் இசைவு பெற்ற பின்னரே படம் எடுக்க. உங்கள் தவறுகளை முதற்கண் எழுதுக. படிப்பவனுக்கு மிகுந்த பயன் தருவன அவையே. இவ்வாறு எழுதினால் நடை தானே செம்மையுறும்.

இறுதியாக, ஆசிரியரிடம் ஒரு விண்ணப்பம். பல ஆண்டுகளுக்கு முன் இச்சஞ்சிகையில் யான் எழுதிய கட்டுரைக்குத் திருத்தம் ஒன்று கடன்பட்டிருக்கின்றேன். ‘ஓரிடத்தும் இறங்காது வென்றோம்’ என்பதனை ‘எட்டாம் வளைவுக்குப் பின் பெரும்பாலும் தள்ளிச் சென்றோம், விறகு சுமந்து வந்த முதியவர் ஒருவர் தண்ணீர் காட்டினார்’ எனவும், ‘நாற்பது நிமிடத்தில் பறந்திறங்கினோம்’ என்பதனை ‘பிரேக் கெட்டு, இரக்கமுள்ள லாரி டிரைவர் ஒருவரால் அடிவாரம் சேர்ந்தோம்’ எனவும் திருத்தி வாசிக்க. அவ்விதழைப் பாதுகாத்து வைத்திருக்கும் அன்பர்கள் அப்பக்கத்தின் ஓரத்தில் இதனைக் குறித்துக்கொள்வாராக. அன்று தோளிற் கட்டுடன் வந்து வினவிய நண்பர் இதனைப் படிக்க நேர்ந்தால், தவறு அவருடையதன்று என்பதை இப்பொழுதேனும் அறிவாராக.